3டி இருக்கும்போது ஐசோமெட்ரிக்கை எதற்குக் கோடு கோடாக வரைய வேண்டும்?

03.03.2024, ஞாயிறு, காலை 9.20

ஐசோமெட்ரிக் என்றால் ஒரு பொருளின் மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரியும்படி 30 டிகிரிச் சாய்வில் வரைவது. ஆட்டோகேட் அதற்கான வரைபட மென்பொருள். வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன்: "பாலிடெக்னிக் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஆட்டோகேடில் ஒரு பிராக்கெட்டை ஐசோமெட்ரிக்காக வரையச் சொன்னார்கள். ஆஃப்செட் போட்டால் அளவு தப்புகிறது. வட்டம் போட்டால் முகத்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஃபில்லட் கோணலாக வருகிறது. 3டியில் மாடல் செய்து ஐசோ வியூ வைத்தால் முடிந்துவிடும் வேலைக்கு இவ்வளவு பாடு எதற்கு? 2டி ஐசோமெட்ரிக் செத்துப்போன கலை."

செத்துப்போன கலை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் 14 வருடமாகப் பைப்பிங் ஐசோ, அதாவது குழாய் லைன்களின் ஐசோமெட்ரிக் படம், வரைவதுதான் என் வேலை. இன்று காலைகூட ஒரு ஷீட் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி, உன் மூன்று தொல்லைக்கும் காரணம் ஒன்றே. நீ வரைவது தட்டையான 2டி படம். ஆட்டோகேடுக்கு அது ஐசோமெட்ரிக் என்றே தெரியாது. 30 டிகிரியில் சாய்ந்த கோடுகள் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆஃப்செட் 50 என்றால் கோட்டுக்குச் செங்குத்தாக 50 தள்ளி வைக்கும். உனக்கு வேண்டியதோ அச்சின் வழியாக 50. செங்குத்தாக 50 தள்ளினால் அச்சு வழியில் அது 57.7 ஆகிவிடும். அதனால் ஐசோமெட்ரிக்கில் ஆஃப்செட்டைத் தொடாதே. காப்பி போடு, எஃப்8 அழுத்தி ஆர்த்தோவை (அச்சுத் திசையில் மட்டும் போகவிடும் வசதி) வை, எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் இழுத்து 50 என்று அடி. சரியாக உட்காரும்.

வட்டமும் அதே கதைதான். ஐசோமெட்ரிக்கில் வட்டம் கிடையாது, நீள்வட்டம்தான். எலிப்ஸ் கட்டளை கொடுத்தால் ஐசோசர்க்கிள் என்று ஒரு தெரிவு வரும், அதை எடு. மூலையை வளைவாக்கும் ஃபில்லட்டும் போடாதே. மூலையில் ஐசோசர்க்கிள் வைத்து டிரிம் செய்.

03.03.2024, ஞாயிறு, இரவு 8.45

"எலிப்ஸில் ஐசோசர்க்கிள் தெரிவே வரவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. ஸ்னாப் (கர்சர் ஒட்டி நகரும் கட்ட அமைப்பு) ஐசோமெட்ரிக்கில் இல்லாமல் அது எட்டிக்கூடப் பார்க்காது. 2015 பதிப்பிலிருந்து கீழே ஸ்டேட்டஸ் பட்டியில் ஐசோடிராஃப்ட் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் போதும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் ஸ்னாப், ஸ்டைல், ஐசோமெட்ரிக் என்று போக வேண்டும். கல்லூரி லேபில் பழைய பதிப்பு இருக்கலாம், அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

அப்படியும் வராவிட்டால் பெலிப்ஸ் (PELLIPSE) என்ற மாறியைப் பார். அது 1 என்று இருந்தால் ஐசோசர்க்கிள் தெரிவு காட்டாது. 0 ஆக்கு. இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு காலத்தில் முழு மதியத்தையும் தொலைத்திருக்கிறேன். யாரோ அந்தக் கணினியில் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

04.03.2024, திங்கள், காலை 7.30

டீ குடிக்கும்போது ஞாபகம் வந்தது. ஃபில்லட்டைத் தொடவே கூடாது என்று எழுதினேன், அது தப்பு. ரேடியஸ் 0 வைத்து ஃபில்லட் போட்டால் இரண்டு கோடுகளும் மூலையில் ஒழுங்காகச் சேரும், எந்தக் கோணமாக இருந்தாலும். நானே ஒரு நாளைக்கு நூறு தடவை அதைத்தான் செய்கிறேன். ரேடியஸ் வைத்துப் போடுவதுதான் கூடாது, அது நிஜ வட்டத்தின் வில்லைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

04.03.2024, திங்கள், இரவு 9.10

இன்று எஃப்5 பற்றி. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதால்தான் பிள்ளைகள் ஐசோமெட்ரிக்கையே வெறுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஐசோமெட்ரிக் தாளில் மூன்று அச்சுகள். நிமிர்ந்து நிற்பது 90. வலப்பக்கம் ஏறுவது 30. இடப்பக்கம் ஏறுவது 150. இவற்றில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று தளங்கள்: 90-உம் 150-உம் இடது தளம், 30-உம் 150-உம் மேல் தளம், 30-உம் 90-உம் வலது தளம். எஃப்5 அழுத்த அழுத்த இடது, மேல், வலது என்று மாறிக்கொண்டே போகும். கர்சரின் குறுக்குக் கோடுகளைப் பார், அவையும் திரும்பும். கர்சர் எந்தத் தளத்தில் நிற்கிறதோ அந்தத் தளத்துக்குத்தான் ஆர்த்தோ, ஐசோசர்க்கிள் எல்லாம் வேலை செய்யும்.

உன் பிராக்கெட்டின் படத்தைப் பார்த்தேன். மேல் முகத்துத் துளை சரி. பக்கவாட்டு முகத்துத் துளையையும் மேல் தளத்தில் வைத்தே போட்டிருக்கிறாய். அதனால்தான் அது தகட்டில் துளை போட்டது போல இல்லாமல், தகட்டின் மேல் ஒரு வாஷர் விழுந்து கிடப்பது போலத் தெரிகிறது. அழித்துவிடு, எஃப்5 அழுத்தித் தளத்தை மாற்று, மறுபடி போடு. ரேடியஸ் 50 என்று கொடுத்தால் அது நெடிய பாதியை 61.2 என்றும் குறுகிய பாதியை 35.4 என்றும் தானே வைத்துக்கொள்ளும். அளந்து பார்த்துப் பயப்படாதே. அச்சு வழியாக அளந்தால் 50 இருக்கும்.

எழுத்துக்கும் சாய்வு வேண்டும். வலது தளத்தில் எழுத்தை 30 திருப்பி 30 சாய். இடது தளத்தில் கழித்தல் 30 திருப்பிக் கழித்தல் 30 சாய். மேல் தளத்துக்கும் 30, 30.

05.03.2024, செவ்வாய், காலை 6.50

மேல் தளத்து எழுத்துக்கு 30, 30 என்று எழுதிவிட்டேன். தூக்கக் கலக்கம். ஒருவர் போட்டுப் பார்த்து, எழுத்து படுக்காமல் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. மேல் தளத்தில் இரண்டும் எதிரெதிராக இருக்க வேண்டும்: 30 திருப்பினால் சாய்வு கழித்தல் 30, கழித்தல் 30 திருப்பினால் சாய்வு 30. அப்போதுதான் எழுத்தின் நிமிர்ந்த கால்கள் மற்ற அச்சோடு சேர்ந்து தரையில் படுக்கும்.

அளவுகளுக்கு அலைன்டு டைமென்ஷன் போட்டுவிட்டு, டிம்எடிட் கட்டளையில் ஆப்ளிக் எடுத்து, நீட்டிப்புக் கோடுகள் எந்த அச்சைப் பார்க்க வேண்டுமோ அந்தக் கோணத்தைக் கொடு. 30, 90, 150, இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். லீனியர் டைமென்ஷன் வேண்டவே வேண்டாம். அது தாளின் கிடைமட்டத்தில் எவ்வளவு என்று சொல்லும். அந்த எண் யாருக்கும் உதவாது.

05.03.2024, செவ்வாய், இரவு 10.05

வேறொருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம்: "3டி வியூவில் தெரிவதுதான் உண்மையான ஐசோமெட்ரிக் வீழல் (புரொஜெக்ஷன்). நீங்கள் 30 டிகிரியில் முழு அளவில் வரைவதுதான் உண்மை இல்லை."

கணக்கில் அவர் சொல்வது சரி. ஒரு கனசதுரத்தை மூலைக்கு நேராகப் பார்த்தால் மூன்று விளிம்பும் ஒரே மாதிரிச் சுருங்கும், 0.8165 மடங்கு. 1000 மி.மீ. விளிம்பு வீழலில் 816.5 ஆகத்தான் இருக்கும். நாம் அந்தச் சுருக்கத்தை விட்டுவிட்டு 1000-ஐ 1000-ஆகவே வரைகிறோம். அதனால் நம் படம் உண்மையான வீழலைவிடச் சுமார் 22.5 சதவீதம் பெரிசு. உருவம் மாறாது, அளவு மட்டும் கூடும். நாம் அப்படி வரைவது ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு வசதி என்பதால்தான்.

இது வெறும் புத்தகக் கணக்கு இல்லை, கையைக் கடிக்கும். 3டி மாடலைத் தென்மேற்கு ஐசோ வியூவில் வைத்து ஃபிளாட்ஷாட் போட்டால் ஒரு தட்டையான 2டி பிளாக் கிடைக்கும். அதை எடுத்து நேராக ஐசோ ஷீட்டில் ஒட்டினால் மற்றதெல்லாம் பெரிசாகவும் இது மட்டும் சின்னதாகவும் நிற்கும். 1.2247 மடங்கு ஸ்கேல் செய்தால் பொருந்தும்.

06.03.2024, புதன், மதியம் 1.15

சாப்பாட்டு நேரம், சின்னக் குறிப்பு. முதலில் 3டி பக்கமே போகாதே என்பது போன்ற தொனியில் எழுதிவிட்டேன். இரண்டு நாளாக யோசித்ததில் அது நியாயமில்லை என்று படுகிறது. கைப்பிடிச் சக்கரம் சாய்ந்து நிற்கிற ஒரு வால்வை ஐசோமெட்ரிக்கில் கோடு கோடாக வரைந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஐசோசர்க்கிள் மூன்று தளத்துக்குத்தான் இருக்கிறது, சாய்ந்த தளத்துக்கு இல்லை. அந்த வால்வை 3டியில் செய்து, ஃபிளாட்ஷாட் எடுத்து, 1.2247 பெரிசாக்கி பிளாக்காக வைத்திருக்கிறேன். இப்படி என் நூலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. பிராக்கெட்டையும் 3டியில் செய்து பார், நல்லதுதான். ஆனால் கையால் ஒரு தடவை வரைந்த பிறகு.

07.03.2024, வியாழன், இரவு 11.00

"பைப்பிங் ஐசோவைத்தான் இப்போது பிளாண்ட் மென்பொருளே தானாகக் கக்கிவிடுகிறதே, அப்புறம் டிராஃப்ட்ஸ்மேனுக்கு என்ன வேலை" என்று ஒரு கேள்வி. இதற்கு 2013-இல் நடந்ததைச் சொன்னால்தான் பதில் சொன்னது போல இருக்கும்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து 3 வருடம். 6 இன்ச் லைன் ஒன்று. கிழக்கே போகும், நடுவில் 45 டிகிரியில் 600 கீழே இறங்கும், மறுபடி கிழக்கே போகும். ரொம்பச் சாதாரண லைன். வடக்கு அம்புக்குறி தாளில் இடப்பக்கம் மேலே, அதாவது 150. அப்படியானால் கிழக்கு 30-இல் ஏறும். வரைந்தேன், கையெழுத்துப் போட்டேன், ஷாப்புக்குக் கொடுத்தேன்.

இப்போது ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கிழக்கே 600 போய்க் கீழே 600 இறங்குகிற சாய்வுக் கோடு தாளில் எங்கே வரும்? 30-இல் ஏறுவதும் நேரே கீழே இறங்குவதும் சேர்ந்தால், வலப்பக்கம் 30 டிகிரியில் இறங்குகிற கோடு கிடைக்கும். அதுதான் தெற்குத் திசையின் கோடும். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. 45 டிகிரியில் கீழே இறங்குகிற பைப்பும், அதே மட்டத்தில் தெற்கே திரும்புகிற பைப்பும் ஐசோமெட்ரிக்கில் ஒரே கோடுதான்.

நான் செய்த தப்புகள் மூன்று. சாய்வுக்கு முக்கோணம் போட்டு, உள்ளே கோடு கோடாக ஹாட்ச் அடிக்கவில்லை. 600, 600 என்று இரண்டு பக்கத்தையும் எழுதாமல் சாய்வு நீளம் 849 என்று மட்டும் எழுதினேன். பொருள் பட்டியலில் "6 இன்ச் எல்போ, 2" என்று போட்டேன், 45 என்று எழுதவில்லை. எல்போ என்றால் பைப்பைத் திருப்பும் வளைவு இணைப்பு.

ஃபிட்டர் அண்ணன் அனுபவசாலி. தாளில் இருந்ததைத் தாளில் இருந்தபடியே படித்தார். 90 டிகிரி எல்போ இரண்டு எடுத்தார். 6 இன்ச் லாங் ரேடியஸ் 90-க்கு மையத்திலிருந்து முனைக்கு 229. இரண்டு பக்கமும் கழித்து, வெல்ட் இடைவெளியைச் சேர்க்காமல் சொன்னால், நடுவில் 391 துண்டு வெட்டினார். உண்மையில் வேண்டியது 45 டிகிரி எல்போ, அதற்கு 95-தான். நடுத்துண்டு 659 வந்திருக்க வேண்டும். நாலு ஜாயின்ட் வெல்ட் செய்து, பெயின்ட் அடித்து, ஸ்பூல் (ஷாப்பிலேயே வெல்ட் செய்து சேர்த்த பைப் பகுதி) எண் எழுதி, லாரியில் ஏற்றியாயிற்று.

சைட்டில் கிரேனில் தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஒரு முனை ஃபிளாஞ்சில் உட்கார்ந்தது. மறுமுனை 849 தெற்கே தள்ளி, 600 உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது.

ஸ்பூல் திரும்பி வந்தது. ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. கையில் டிக் வெல்டிங் ஃபில்லர் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் உட்கார்ந்தார். என் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே கம்பியை வளைத்தார். கிழக்கே நேராக, தெற்கே ஒரு வளைவு, மறுபடி கிழக்கே. மேஜையில் வைத்தார். "இதுதானே நீ போட்டது?" என்றார். அப்புறம் அதையே பிரித்து நிமிர்த்தி, நடுப்பகுதியைக் கீழ்ப்பக்கமாக 45-இல் சாய்த்து வளைத்துப் பக்கத்தில் பிடித்தார். "இதுவும் நீ போட்டதுதான்" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் ஷீட்டின் கோணத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அந்தக் கம்பி இன்னும் என் டிராயரில் இருக்கிறது.

08.03.2024, வெள்ளி, இரவு 9.30

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு இரண்டு பேர் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர், "கிடைமட்டத்திலும் இதே வரும்" என்று கண்டுபிடித்திருக்கிறார். ஆமாம். வடகிழக்கே 45-இல் போகிற பைப் தாளில் நேர் மேலே ஏறுகிற கோடாகத் தெரியும். வடக்கே 300, கிழக்கே 300 என்றால் உண்மையான நீளம் 424, தாளில் 300. அதே 424 தென்கிழக்கே போனால் தாளில் 520 நீளத்துக்குக் கிடையாகப் படுக்கும். அச்சு வழியாகப் போகாத எந்தக் கோட்டையும் ஐசோமெட்ரிக்கில் ஸ்கேல் வைத்து அளக்கக்கூடாது என்பது இதனால்தான்.

அன்றிலிருந்து எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம். சாய்வு எங்கே வந்தாலும் முக்கோணத்தை முழுதாகப் போட வேண்டும். சாய்வு நிமிர்ந்த தளத்தில் என்றால் உள்ளே நிமிர்ந்த கோடுகளால் ஹாட்ச். கிடைமட்டத் தளத்தில் என்றால் ஏதாவது ஒரு கிடை அச்சுக்கு இணையாக ஹாட்ச். இரண்டும் கலந்த ரோலிங் ஆஃப்செட் என்றால் முக்கோணம் போதாது, பெட்டியே வரைய வேண்டும், மூன்று பக்கமும் அளவோடு. பக்கங்கள் 300, 400, 1200 என்றால் சாய்வு 1300. இந்த நாலு எண்ணும் ஷீட்டில் இருந்தாக வேண்டும். ஃபிட்டர் மூன்றிலிருந்து நாலாவதைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்வார்.

மென்பொருள் கக்குகிற ஐசோ பற்றிய கேள்விக்கு வருகிறேன். பிளாண்ட் 3டி மாதிரி மென்பொருள் ஒழுங்காக அமைத்துவைத்தால் இந்த ஹாட்ச்செல்லாம் தானே போட்டுக் கொடுக்கும், மறுக்கவில்லை. பொருள் பட்டியலில் 45-ஐ மறக்கவும் மறக்காது. அந்த விஷயத்தில் 2013-இல் இருந்த என்னைவிட அது மேல். ஆனால் எங்களுக்கு வருகிற வேலையில் பாதி பழைய ஆலைகளின் மாற்று வேலை. மாடல் கிடையாது. சைட் இன்ஜினியர் ஐசோ கோடு அச்சடித்த தாளில் பென்சிலால் போட்டதை போட்டோ எடுத்து அனுப்புவார். அதைப் படித்து ஷாப்புக்கு ஏற்ற ஷீட்டாக ஆக்க ஒரு ஆள் வேண்டும். இதற்கென்று 3டி மாடல் எழுப்ப நேரமும் இல்லை, பணமும் இல்லை.

பைப்பிங் ஐசோ அளவுப்படி வரைவதே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 12 மீட்டர் நேர்பைப்பைக் குட்டியாகவும், நெருக்கமாக இருக்கிற மூன்று எல்போவை இழுத்துப் பெரிசாகவும் வரைவோம். தெளிவுதான் முக்கியம். எண்தான் உண்மை, கோடு வழிகாட்டி. 3டி வியூவில் இந்தச் சுதந்திரம் இல்லை. நிஜத்தில் நெருக்கமாக இருப்பது படத்திலும் நெருக்கமாகத்தான் இருக்கும். நீ கேட்ட "எதற்கு" என்பதற்கு என்னிடம் இருக்கிற நேரான பதில் இதுதான், தம்பி. மாடல் பொருளைக் காட்டுகிறது, ஐசோ ஷீட் அந்தப் பொருளைச் செய்யப்போகிறவரிடம் பேசுகிறது.

10.03.2024, ஞாயிறு, காலை 10.40

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ஐசோமெட்ரிக்கை முறைப்படுத்தி எழுதியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ், 1822-இல். அவர் வகுப்பில் இயந்திர மாதிரிகளைக் காட்டுவார். தனித்தனிப் பாகங்களை வைத்துக்கொண்டு, ஒரு பாடத்துக்கு ஒரு இயந்திரம் என்று பூட்டுவது, மறுபாடத்துக்குப் பிரித்து வேறொன்று பூட்டுவது. பூட்டுகிறவர்கள் அவருடைய உதவியாளர்கள். எந்தப் பாகம் எங்கே போகும் என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு படம் தேவைப்பட்டது. அதிலிருந்துதான் இந்த முறை வந்தது. கையில் ஸ்பேனர் வைத்திருப்பவருக்காகவே பிறந்த படம் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஃபோர்மேனிடம் சொன்னேன். "அப்பவே நம்மள மாதிரி ஆளுங்க கேட்டிருக்காங்க பாரு" என்றார்.

10.03.2024, ஞாயிறு, மாலை 6.20

ஆட்டோகேட் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். லிப்ரேகேட் இலவசம், அதில் ஐசோமெட்ரிக் கிரிட் இருக்கிறது, பழகுவதற்குத் தாராளமாகப் போதும். அதுவும் வேண்டாம் என்றால் ஐசோமெட்ரிக் கோடு அச்சடித்த தாளும் ஒரு பென்சிலும். மினி டிராஃப்டர் பிடித்துப் படித்த எங்கள் தலைமுறை அப்படித்தான் ஆரம்பித்தது.

12.03.2024, செவ்வாய், இரவு 9.00

தம்பி திருத்திய பிராக்கெட்டை அனுப்பியிருக்கிறான். பக்கவாட்டுத் துளை இப்போது தகட்டிலேயே இருக்கிறது. ஆஃப்செட் போடாமல் காப்பி போட்டிருக்கிறான், அளந்து பார்த்தேன், எல்லா அச்சிலும் எண் சரியாக வருகிறது. கீழே ஒரு சாய்ந்த விலா கொடுத்திருக்கிறான், அதற்கு நான் கேட்காமலே இரண்டு பக்க அளவையும் எழுதியிருக்கிறான்.

ஒன்றே ஒன்று பாக்கி. துளையின் பின்விளிம்பு தெரிய வேண்டும். தகடு 12 மி.மீ.தான், துளை 40. அந்த நீள்வட்டத்தை அப்படியே காப்பி எடுத்து, தகட்டின் கனம் போகிற அச்சில் 12 உள்ளே தள்ளு. முன்வட்டத்துக்குள் எவ்வளவு விழுகிறதோ அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை டிரிம் செய். பிறை மாதிரி ஒரு வில் நிற்கும்.

எந்தத் தளத்தில் நிற்கிறாய் என்று பார்த்துக்கொள். பக்கவாட்டு முகத்தின் தளத்தில் இருந்தால் ஆர்த்தோ கனத்தின் திசைக்குப் போகவே விடாது. எஃப்5 ஒரு தட்டு.